அமினோ அமிலப் பொடிகளும் நெடுநேர உடற்பயிற்சியும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

நெடுந்தூரம் ஓடுவோரும் நடப்போரும் நம்மிடையே பெருகி வருகின்றனர். சென்னையிலும் கோவையிலும் ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டங்களில் நடுவயதைக் கடந்தோரும் உற்சாகமாகக் கலந்துகொள்கின்றனர். தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கும், ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கும் பல நாள்கள் பாதயாத்திரை செல்வோருள் நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோரும், இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரும் உள்ளனர். உடலை இயக்க வேண்டும் என்ற இந்த விருப்பத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

இவ்விருப்பத்துடன் ஒரு கேள்வியும் எங்கள் புறநோயாளர் பிரிவிற்கு வந்து சேர்கிறது: "அமினோ பவுடர் சாப்பிட்டால் களைப்பு வராதாமே, நான் சாப்பிடலாமா, டாக்டர்?" சில வேளைகளில் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. மகனோ மகளோ அன்புடன் வாங்கித் தந்த டப்பா, இரத்தப் பரிசோதனையில் எதிர்பாராத மாற்றம் தென்பட்ட பிறகே பேச்சில் இடம்பெறுகிறது.

இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. நெடுநேரப் பயிற்சியின்போது அமினோ அமிலங்கள் உண்மையில் ஆற்றல் தருகின்றனவா என்பது முதலாவது. ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள நோயுடனும் அவர் உட்கொள்ளும் மருந்துகளுடனும் அவை ஒத்துப்போகுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் வரிசையாகக் காண்போம்.

உடலின் எரிபொருள் கணக்கு

தசை சுருங்கி விரிய நேரடியாகப் பயன்படும் பொருள் ஏ.டி.பி. எனப்படும் மூலக்கூறு ஆகும். இதைக் கைச்செலவுக்கு வைத்திருக்கும் சில்லறைக் காசு எனலாம். தசையில் உள்ள இருப்பு சில விநாடிகளுக்கே போதுமானது. ஆகவே அது ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். முதல் பத்து விநாடி அளவுக்கு கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் கைகொடுக்கிறது. அதன்பின் சர்க்கரையும் கொழுப்பும் பொறுப்பேற்கின்றன. பயிற்சி சில நிமிடங்களைக் கடந்து நீளுமானால், மூச்சின் வழியே வரும் ஆக்சிஜனின் துணையுடன் இவ்விரண்டும் எரிந்தே பெரும்பாலான ஆற்றல் கிடைக்கிறது.

சர்க்கரை நம் உடலில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நல்ல உணவு உண்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 400 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி என்று கொண்டால், மொத்தச் சேமிப்பு 1,600 முதல் 2,000 கிலோகலோரி ஆகிறது. கொழுப்பின் சேமிப்போ மிகப் பெரிது. 60 கிலோ எடையுள்ள ஒல்லியான ஒருவரிடம் 9 கிலோ கொழுப்பு இருந்தாலும், கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் அது 80,000 கிலோகலோரியைத் தாண்டும்.

ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. அதன்படி 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் கொண்ட மாரத்தானை ஓடி முடிக்கச் சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். கொழுப்பு மட்டுமே எரிந்து இத்தேவையை நிறைவேற்ற முடியாது. கொழுப்பு மெதுவாகவே எரியக்கூடியது. அதே அளவு ஆற்றலுக்கு அது கூடுதல் ஆக்சிஜனையும் கேட்கிறது. எனவே வேகமாக ஓடும்போது உடல் கிளைக்கோஜனையே பெரிதும் நாடுகிறது. 30 கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குக் கால்கள் இரும்பாய்க் கனப்பதும், தலை சுற்றுவதும் இச்சேமிப்பு தீரும் நிலையின் அடையாளங்கள்.

இவ்வுண்மை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறியப்பட்டது. 1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தோரின் இரத்தத்தை சாமுவேல் லெவின் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் சோதித்தனர். மிகவும் சோர்ந்து வந்தவர்களிடம் இரத்தச் சர்க்கரை குறைந்திருந்தது. மறு ஆண்டு ஓட்டத்தின்போதே சிலருக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்தனர். அவர்களிடம் அந்தத் தாழ்வும் அதனுடன் வரும் தளர்ச்சியும் காணப்படவில்லை. 1960களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகிய இருவரும் தசையிலிருந்து ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுத்து, கிளைக்கோஜன் தீர்வதையும் உணவால் அது மீண்டும் நிரம்புவதையும் நேரடியாக அளந்து காட்டினர்.

புரதம் எரிபொருளா? ஒரு பழைய மலையேற்றம்

தசை புரதத்தால் ஆனது. ஆகவே தசை வேலை செய்யும்போது புரதமே எரிகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக் கருதினார். இக்கருத்தை சூரிக் நகரப் பேராசிரியர்களான ஃபிக், விஸ்லிசேனஸ் ஆகிய இருவரும் தம் உடல்களைக் கொண்டே சோதித்தனர். 1865 ஆகஸ்டு 30 அன்று அவர்கள் சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் ஏறி, ஃபவுல்ஹார்ன் என்னும் மலை உச்சியை அடைந்தனர். முந்தைய நாள் நண்பகலிலிருந்து புரதம் கலந்த உணவைத் தவிர்த்து, மாவு, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றால் செய்த பண்டங்களையே உண்டனர். தம் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்த நைட்ரஜனைக் கொண்டு உடலில் சிதைந்த புரதத்தின் அளவைக் கணக்கிட்டனர்.

அவ்வளவு புரதம் முழுவதும் எரிந்திருந்தாலும், அவர்களின் உடல் எடையை அந்த உயரத்திற்குத் தூக்கிச் செல்ல அது போதாது என்பது தெளிவாயிற்று. மறு ஆண்டு, உணவுப் பொருள்கள் எரியும்போது வெளிப்படும் வெப்பத்தை இங்கிலாந்தின் பிராங்க்லண்ட் அளந்து இம்முடிவை உறுதிப்படுத்தினார். மலை ஏறியவர்களைச் சுமந்து சென்றவை மாவுச்சத்தும் கொழுப்புமே.

இன்றைய அளவீடுகளும் இதையே கூறுகின்றன. நெடுநேரப் பயிற்சியில் செலவாகும் ஆற்றலில் புரதத்தின் பங்கு பொதுவாக 5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. கிளைக்கோஜன் தீர்ந்துவிட்ட நிலையில் அது 10 விழுக்காடு வரை உயரலாம். அதாவது போதிய மாவுச்சத்து இல்லாதபோதுதான் உடல் தன் புரதத்தைக் கூடுதலாக எரிக்கத் தொடங்குகிறது. வீட்டில் அரிசி தீர்ந்தபின் விதைநெல்லில் கைவைப்பதற்கு இது ஒப்பாகும். தசையைக் காக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது மாவுச்சத்தையே.

தசைக்குள் அமினோ அமிலங்களின் பயணம்

புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஒன்பதை உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இந்த ஒன்பதில் லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்றும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. கடைகளில் பி.சி.ஏ.ஏ. என்று விற்கப்படும் பொடிகளில் இருப்பவை இவையே.

மற்ற அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை கல்லீரலில் சிதைக்கப்படுகின்றன. இம்மூன்று மட்டும் பெரிதும் தசையிலேயே சிதைக்கப்படும் தன்மை உடையவை. இதனாலேயே இவை தசைக்கு நேரடி எரிபொருளாகும் என்ற எண்ணம் பரவியது. சிதைவின் முதல் படியில் இவற்றின் நைட்ரஜன் பகுதி பிரிந்து, அலனின், குளூட்டமின் என்னும் வேறு அமினோ அமிலங்களாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அலனின் கல்லீரலை அடைந்து, அங்கே குளுக்கோஸாக மாற்றப்பட்டு மீண்டும் தசைக்குத் திரும்புகிறது. எஞ்சிய நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது.

இவ்வழியில் கல்லீரல், சிறுநீரகம் ஆகிய இரண்டு உறுப்புகளின் உழைப்பும் இன்றியமையாதது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நலமான உடலில் இது தடையின்றி நிகழும். இவ்வுறுப்புகள் பழுதுற்றிருந்தால் கணக்கு மாறிவிடும்.

கிடைக்கும் பயனையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு வேளைக்கு 7 கிராம் பி.சி.ஏ.ஏ. பொடி உட்கொண்டால், அது முழுவதும் எரிந்தாலும் ஏறத்தாழ 30 கிலோகலோரியே கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவர் அதைக் கொண்டு அரை கிலோமீட்டர் ஓடலாம். நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழம் இதைப்போல் மூன்று மடங்கு ஆற்றலை மிகக் குறைந்த விலையில் தருகிறது. மேலும், பயிற்சிக்கு முன் பி.சி.ஏ.ஏ. உட்கொள்வதால் இரத்தத்தில் அம்மோனியாவின் அளவு கூடுகிறது என்பதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

களைப்பு மூளையில் பிறக்கிறதா?

பி.சி.ஏ.ஏ. பற்றிய மற்றொரு நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை ஒன்று உண்டு. 1980களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எரிக் நியூஸ்ஹோம் ஒரு கருதுகோளை முன்வைத்தார். டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் மூளைக்குள் நுழைந்து, செரோடோனின் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. இது உறக்கத்துடனும் மனநிலையுடனும் தொடர்புடையது. டிரிப்டோஃபேனும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழையப் பயன்படுத்தும் வாயில் ஒன்றே. நெடுநேரப் பயிற்சியில் பின்னவை குறைந்து, கட்டற்ற டிரிப்டோஃபேன் கூடுவதால், அதுவே அதிகமாக நுழைந்து களைப்பை உண்டாக்கக்கூடும் என்றார் அவர். அப்படியானால் பி.சி.ஏ.ஏ. அருந்தினால் வாயிலில் போட்டி கூடிக் களைப்பு தள்ளிப்போக வேண்டும்.

கருத்து அழகானது, சோதனையில் அது எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. 1995இல் நெதர்லாந்தில் மிதிவண்டி வீரர்கள் பத்துப் பேருக்கு, சர்க்கரைப் பானத்துடன் ஒருமுறை டிரிப்டோஃபேனும், வேறு முறைகளில் பி.சி.ஏ.ஏ.யும் கலந்து தரப்பட்டன. அவர்கள் சோர்ந்து நிற்கும்வரை மிதித்த நேரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளுள் சிலவற்றில் சோர்வு உணர்வு சற்றுக் குறைந்ததாகவும், மறுநாள் தசைவலி ஓரளவு தணிந்ததாகவும் பதிவாகியுள்ளது. எனினும் நெடுந்தூரப் போட்டிகளில் செயல்திறன் உறுதியாக மேம்படுகிறது என்று கூறுவதற்கான சான்று இல்லை.

பிற பொடிகள் பற்றிச் சுருக்கமாக

குளூட்டமின்: ஓட்டத்திற்குப்பின் சளி, காய்ச்சல் வராமல் காக்கும் என்று விற்கப்படுகிறது. விளையாட்டு வீரர்களிடம் இப்பயன் நிறுவப்படவில்லை.

பீட்டா அலனின்: தசையில் கார்னோசின் என்னும் பொருளைப் பெருக்கி, ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் கடுமையான முயற்சியில் சிறிது உதவுகிறது. மணிக்கணக்கில் நடப்போருக்கு இதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றலாம்.

கிரியேட்டின்: குறுகிய நேர வலிமைப் பயிற்சியில் இதன் பயன் நன்கு நிறுவப்பட்டுள்ளது. நெடுந்தூர ஓட்டத்தில் அது சிறிதளவே. இதை உட்கொள்வோருக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயரலாம். சிறுநீரக நலத்தை அறியப் பயன்படும் அளவீடும் அதுவே ஆதலால், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் இதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

அர்ஜினின்: இரத்தக் குழாய்களை விரிவாக்கும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. இதய நோயாளிகள் இங்கே ஒரு செய்தியை அறிய வேண்டும். அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரிடம் நடத்தப்பட்டு, 2006இல் வெளியான ஆய்வில், அர்ஜினின் பெற்ற பிரிவில் ஆறு பேர் இறந்தனர். போலி மருந்து பெற்ற பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. "உணவில் உள்ள பொருள்தானே, என்ன கெடுதல் வரப்போகிறது?" என்ற எண்ணத்திற்கு இதுவே விடை.

புரதம் தேவையில்லை என்பது பொருளா?

நிச்சயமாக இல்லை. பயிற்சியில் தேய்ந்த தசையைப் பழுதுபார்க்கப் புரதம் இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நலமான வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். தொடர்ந்து கடும் பயிற்சி செய்யும் நலமான விளையாட்டு வீரர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது.

லூசின் தசைப் புரத உருவாக்கத்தைத் தொடங்கி வைக்கும் ஆற்றல் உடையது என்பது உண்மை. ஆனால் வீடு கட்ட மேஸ்திரி வந்து நின்றால் மட்டும் போதுமா? செங்கல், மணல், சிமெண்டு அனைத்தும் வேண்டும். அதுபோல் இன்றியமையாத ஒன்பது அமினோ அமிலங்களும் இருந்தால்தான் புதிய புரதம் தொடர்ந்து உருவாகும். மூன்றை மட்டும் கொண்ட பி.சி.ஏ.ஏ. பொடியைவிட, முழுமையான புரதம் கொண்ட உணவு சிறந்தது என்பதற்குக் காரணம் இதுவே.

நம் சமையலறை இதற்குப் போதுமானது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு குவளைப் பாலிலும் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. இட்லியும் சாம்பாரும், வெண்பொங்கல், பருப்புச் சாதம், சுண்டலுடன் தயிர்ச்சாதம் ஆகிய நம் அன்றாட உணவுகள் இச்சேர்க்கையை இயல்பாகவே கொண்டுள்ளன. பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திற்குள் இத்தகைய உணவொன்றை உண்பது பெரும்பாலோருக்குப் போதும்.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளோர்: டயாலிசிஸ் தொடங்காத நாட்பட்ட சிறுநீரக நோயில், புரதத்தை மட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருக்கலாம். அமினோ பொடியும் புரதக் கணக்கில் சேர்ந்ததே. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கோ புரதத் தேவை கூடுகிறது. ஆகவே ஒருவருக்குச் சொன்ன அறிவுரையை மற்றவர் பின்பற்றுதல் கூடாது. சில பொடிகளில் பொட்டாசியமும் பாஸ்பரசும் சேர்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

கல்லீரல் நோய் உள்ளோர்: கல்லீரல் சுருக்க நோயில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் இரத்தத்தில் குறைந்திருக்கும். அம்மோனியா கூடி மனக்குழப்பம் ஏற்படும் நிலையில் இவற்றை மருத்துவரே மருந்தாகப் பரிந்துரைப்பதும் உண்டு. அது அளவும் காலமும் வரையறுக்கப்பட்ட சிகிச்சை. உடற்பயிற்சிக் கடையில் வாங்கும் கலவை அதற்கு ஈடாகாது. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் கலவைகளில் சேரும் செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நீரிழிவு உள்ளோர்: இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் நெடுநேர நடையின்போதும், அன்று இரவு உறக்கத்திலும்கூட இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். சர்க்கரை தாழ்ந்தால் அமினோ பானமோ புரதப் பானமோ உதவாது. விரைவில் இரத்தத்தில் கலக்கும் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையே வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்வோர், பட்டினியுடன் கூடிய நீண்ட நடைக்கு முன் அவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்: பயிற்சிக்கு முன் அருந்துவதற்கென்று விற்கப்படும் கலவைகளில் அமினோ அமிலங்களுடன் மிகுதியான காஃபினும் பிற ஊக்கிகளும் சேர்ந்திருக்கலாம். அவை படபடப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பி மருந்து உட்கொள்வோருக்குச் சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமல் போகலாம். வியர்வை மட்டுமே அடையாளமாக எஞ்சும்.

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா உட்கொள்வோர்: இம்மருந்து குடலிலும் மூளை வாயிலிலும் அமினோ அமிலங்களுடன் போட்டியிட்டே உள்ளே செல்கிறது. மாத்திரையுடன் புரதப் பொடியோ அமினோ பொடியோ உட்கொண்டால் மருந்தின் பயன் குறைந்து, கைகால்கள் இறுகக்கூடும். இரண்டிற்கும் இடையே போதிய நேர இடைவெளி வேண்டும்.

பிறவியிலேயே அமினோ அமில வளர்சிதைக் குறைபாடு உள்ளோர்: மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களும், பினைல்கீட்டோனூரியாவில் பினைல்அலனினும் நஞ்சாகச் செயல்படும். பொதுவாக விற்கப்படும் இப்பொடிகள் இவர்களுக்கு முற்றிலும் விலக்கு.

கருவுற்றோர், பாலூட்டுவோர், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆகியோரும் மருத்துவர் அறிவுரையின்றி இவற்றைத் தொடுதல் கூடாது.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 94இல், அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டில், மேலட்டையில் குறிப்பிடப்படாத தசை வளர்ச்சி ஹார்மோன் வகைப் பொருள்கள் கலந்திருந்தன. ஆகவே விளம்பரத்தை நம்பி வாங்குதல் தகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதிகள், ஒரு வேளை அளவில் உள்ள ஒவ்வொரு பொருளின் எடை ஆகியவற்றைப் பாருங்கள். சேர்மானங்களின் அளவைத் தனித்தனியே கூறாமல் "சிறப்புக் கலவை" என்று மட்டும் குறிப்பிடும் பொருளைத் தவிர்ப்பது நல்லது. உரிம எண் இருப்பதால் மட்டும் அது உங்கள் நோய்க்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

நெடுநடைக்கும் ஓட்டத்திற்கும் எளிய திட்டம்

1. புறப்படுவதற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு முன், எண்ணெய் குறைந்த மாவுச்சத்து உணவை உண்ணுங்கள். இட்லி, இடியாப்பம் ஆகியவை ஏற்றவை.

2. ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயிற்சிக்குப் பொதுவாகத் தண்ணீரே போதும். அதற்கு மேல் நீளும் கடும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படலாம். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பகிர்ந்து உண்ணலாம். மெதுவாக நடப்போருக்கு இதைவிடக் குறைவாகவே தேவை. நீரிழிவு உள்ளோர் தமக்குரிய அளவை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. தாகத்திற்கேற்பத் தண்ணீர் அருந்துங்கள். தாகத்தை மீறி அளவின்றி அருந்துவதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவு வரையறுக்கப்பட்டோர் நெடுநடையைத் திட்டமிடும் முன்பே ஆலோசனை பெற வேண்டும்.

4. இன்சுலின் போட்டுக்கொள்வோர் புறப்படும் முன் சர்க்கரையை அளந்து பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் முதலில் மாவுச்சத்து உண்டு, பின்னரே தொடங்க வேண்டும். வழியில் 70க்குக் கீழ் சென்றால் உடனே நின்று, 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

5. வலி நிவாரணி மாத்திரைகளை முன்கூட்டியே விழுங்கிவிட்டு ஓடுதல் கூடாது. நீர்ச்சத்துக் குறைந்த வேளையில் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தமோ வலியோ ஏற்படுதல், வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், மனக்குழப்பம், ஓயாத வாந்தியும் தலைவலியும், கடும் தசைவலியுடன் சிறுநீர் தேயிலை டிகாக்ஷன் நிறத்தில் வெளியேறுதல். இறுதியாகச் சொன்னது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். இவற்றுள் எதுவாயினும் "ஓய்வெடுத்தால் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

பெற்றோரின் களைப்பைக் கண்டு மனம் வருந்தும் பிள்ளைகளே பெரும்பாலும் இப்பொடிகளை வாங்கித் தருகின்றனர். அவ்வன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் களைப்பு என்பது இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்பாடற்ற நீரிழிவு, இதயத் தளர்ச்சி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றின் குரலாகவும் இருக்கலாம். பொடி அக்குரலை விடையின்றி விட்டுவிடும். நோயைக் கண்டறியும் நாளும் தள்ளிப்போகும். எனவே நெடுநாள் களைப்புக்குக் கடைக்குச் செல்லும் முன் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

ஏற்கெனவே ஏதேனும் பொடி உட்கொண்டு வந்தால், அடுத்த முறை வரும்போது அந்த டப்பாவையே கையோடு கொண்டு வாருங்கள். மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என் நோய்க்கு இது பொருந்துமா? என் மருந்துகளுடன் இது மோதுமா? நாளொன்றுக்கு எனக்கு மொத்தம் எவ்வளவு புரதம் தேவை? அதை உணவிலிருந்தே பெற இயலுமா?

பொடி உட்கொண்டதைக் கூறினால் கடிந்துகொள்வார்களோ என்று தயங்க வேண்டியதில்லை. எங்களிடம் சொல்லப்படாத பொடியே எங்களுக்குக் கவலை தருகிறது. தக்க உணவும், படிப்படியாகக் கூட்டிய பயிற்சியும், உரிய பரிசோதனையும் துணை இருந்தால், நோயுடன் வாழ்வோரும் நெடுந்தூரம் நடக்கலாம். அவ்வாறு நடக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் உரிய திட்டத்தை வகுத்துத் தர நாங்கள் காத்திருக்கிறோம்.